முன் ஸ்ப்ராக்கெட்டில் எத்தனை பல் குறைக்கலாம்?

கேள்வி: பெங்களூரு கிருஷ்ணராஜபுரத்தில் வசிக்கிறேன். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் வைத்திருக்கிறேன். தினமும் அலுவலகம், மாதம் ஒருமுறை கிருஷ்ணகிரி வழியாகச் சொந்த ஊரான ஆம்பூர், நேரம் கிடைத்தால் சக்லேஷ்பூர் பக்கத்து மண்பாதைகள் என்று ஓட்டுகிறேன். சரளைக்கல் ஏற்றங்களில் முதல் கியரிலும் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஏற வேண்டியிருக்கிறது. முன் ஸ்ப்ராக்கெட்டை (செயினை இழுக்கும் பற்சக்கரத்தை) 13 பல்லுக்கு மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: 13 வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் 14 போதும்.

உங்கள் வண்டியில் கம்பெனி பொருத்தித் தருவது முன்னால் 15 பல், பின்னால் 38 பல். 38ஐ 15ஆல் வகுத்தால் 2.53, அதாவது பின்சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் முன் ஸ்ப்ராக்கெட் இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுற்றிவிடுகிறது. முன்னால் 14 பல் வைத்தால் இந்த விகிதம் 2.71 ஆகிறது, ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல். 13 வைத்தால் 2.92, அதாவது 15 சதவீதத்துக்கும் மேல். சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவை எத்தனை சதவீதம் கூடுகிறதோ, அத்தனை சதவீதம் இஞ்சினும் அதே வேகத்துக்குக் கூடுதலாகச் சுழல வேண்டும். நெடுஞ்சாலையில் டாக்கோமீட்டர் (நிமிடத்துக்கு இஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர்) இப்போது 5,000 காட்டும் வேகத்தில், 14 பல்லுடன் சுமார் 5,360ம், 13 பல்லுடன் சுமார் 5,770ம் காட்டும். 411இல் மொத்தமே ஐந்து கியர்தான் என்பதால் மேலே மாற்றித் தப்பிக்க வழியில்லை. ஓசூர் தாண்டி ஆம்பூர் வரை அந்த இரைச்சலும் அதிர்வும் கூடவே வரும், பெட்ரோலும் கொஞ்சம் கூடும்.

ஆனால் ஏற்றத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது வலு அல்ல, மெதுவாக ஊர்ந்து செல்லும் வசதி என்றே நினைக்கிறேன். பாதை அனுமதிக்கும் வேகத்தைவிட முதல் கியரின் ஆகக் குறைந்த வேகம் அதிகமாக இருந்தால் கிளட்சை அழுத்தாமல் ஓட்ட முடியாது. கிளட்சை முழுமையாக விட்ட நிலையில் வண்டி இப்போது 10 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே திணறுகிறது என்று கொண்டால், 14 பல்லுடன் அந்த எல்லை சுமார் 9.3க்கு இறங்கும். எண்ணாகப் பார்த்தால் அற்பம்தான், கல்லுக்கிடையில் ஏறும்போது அந்த வித்தியாசம் தெரியும். அதற்கு முன் கிளட்ச் கேபிளின் தளர்வையும் தட்டுகளின் தேய்மானத்தையும் பார்த்துவிடுங்கள். கிளட்ச் வழுக்கினால் எந்த ஸ்ப்ராக்கெட்டும் அதைச் சரிசெய்யாது.

பின்னால் 41 பல் வைத்தாலும் விகிதம் 2.73, கிட்டத்தட்ட அதே பலன்தான். முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் ஏறத்தாழ 2.7 பல் கூட்டுவதற்குச் சமம். பெரிய பின் ஸ்ப்ராக்கெட்டில் செயின் இறுக்கமாக வளைய வேண்டியதில்லை என்பது அதன் நன்மை. ஆனால் மூன்று பல் கூட்டினால் பின்சக்கர அச்சு சுமார் 12 மில்லிமீட்டர் முன்னால் நகர வேண்டும்; அதற்கு இடம் போதாவிட்டால் இரண்டு கண்ணி நீளமான செயின் வாங்க நேரிடும். முன்னால் ஒரு பல் குறைத்தால் அச்சு பின்னுக்கு நகர்வது 4 மில்லிமீட்டர்தான், இருக்கும் செயினே போதும். சிறிய வட்டத்தில் செயின் கூடுதலாக மடங்கித் தேய்வதும், ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) மேலுள்ள ரப்பர் பட்டையில் நெருங்கி உரசுவதும் இதன் பாதகங்கள். இவை 13இல் மேலும் மோசமாகும் என்பதும் அதை நான் தவிர்க்கச் சொல்வதற்கு ஒரு காரணம்.

ஜே.சி. ரோட்டில் வாங்கும்போது, உங்கள் வண்டியில் உள்ள 525 அளவு செயினுக்கான ஸ்ப்ராக்கெட்தானா என்று உறுதிசெய்யுங்கள். 520க்கும் 525க்கும் கண்ணிகளின் இடைவெளி ஒன்றே, உள் அகலம்தான் வேறு. அதனால் 520க்கான மெல்லிய பல் உங்கள் செயினுக்குள் சுலபமாக உட்கார்ந்துவிடும், ஓடும்போது பக்கவாட்டில் ஆடும். பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாகக் கொக்கிபோல் சாய்ந்திருந்தால் முன்னதை மட்டும் மாற்றிப் பயனில்லை. செயினோடு மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றிய பின் செயின் தொய்வைக் கையேட்டில் உள்ள அளவுக்கு வைத்து, முதல் நீண்ட பயணம் முடிந்ததும் தொய்வையும் முன் ஸ்ப்ராக்கெட்டின் பிடிப்பையும் மறுபடி சரிபாருங்கள்.