ஐந்து மெழுகுக் கறைகள்

வணக்கம். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை வரிசையாக வாசித்துவருகிறேன். நீலக் கல்லும் வாத்தும் வரும் கதையில், ஒரு பழைய தொப்பியை மட்டும் பார்த்து அதன் சொந்தக்காரரின் வாழ்க்கையையே சொல்லிவிடுகிறார். தன் முறைக்கு ‘டிடக்‌ஷன்’ என்று பெயரும் வைக்கிறார். தர்க்கப்படி அது சரிதானா? நாமும் பழக முடியுமா?
கே.

அன்புள்ள கே.,

பெயர் சரியில்லை. டிடக்‌ஷனில் முன்கூற்றுகள் உண்மையென்றால் முடிவு பொய்யாக வழியே கிடையாது. ஹோம்ஸ் விளைவைப் பார்த்துக் காரணத்தை ஊகிக்கிறார். அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் பெர்ஸ் இதை ‘அப்டக்‌ஷன்’ என்று பிரித்துக் காட்டினார். மணிமேகலையில் இதற்கு இன்னும் பழைய பெயர் இருக்கிறது. கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை வரும் என்பது ‘முதல்’. வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்பது ‘எச்சம்’. ஹோம்ஸுடையது இந்த இரண்டாவது. ஆனால் ஏரி உடைந்தாலும் வெள்ளம் வருமே! சிக்கல் அங்கேதான்.

தொப்பியையே எடுத்துக்கொள்வோம். கதை 1892 ஜனவரியில் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் வந்தது. அதில் ஆகச் சிறந்த ஊகம் மெழுகுக் கறை. ஒன்றிரண்டு என்றால் தற்செயலாக விழுந்திருக்கலாம், ஐந்து இருக்கிறதே என்கிறார் ஹோம்ஸ். ஆகவே அந்த வீட்டில் மெழுகுவத்திதான் எரிகிறது, கேஸ் விளக்கு இல்லை. போட்டிக் காரணத்தை அவரே எடுத்துக் கழித்துவிடுகிறார். தூசியும் அப்படித்தான்: தெருவின் நறநறப்பான சாம்பல்நிறத் தூசி அல்ல, வீட்டுக்குள் படியும் பஞ்சுபோன்ற பழுப்புத் தூசி. எனவே தொப்பி பெரும்பாலும் உள்ளேயே தொங்கியிருக்கிறது.

வாரக்கணக்கில் பிரஷ் படாத தொப்பி, ஆகவே மனைவிக்கு அன்பு போய்விட்டது என்பது பலவீனம். அவர் பிரம்மச்சாரியாக இருக்கலாமே என்கிறார் வாட்ஸன். வாத்தின் காலில் மனைவி பெயருக்குக் கட்டிய சீட்டைக் காட்டி ஹோம்ஸ் அதை மறுக்கிறார். மனைவி ஊரில் இல்லையோ, படுத்த படுக்கையோ என்று மட்டும் யோசிக்கவில்லை. தொப்பி பெரிது, ஆகவே மூளைக்காரர் என்பதோ சுத்தத் தவறு. அங்கே ஊகித்த வழியில் பிழையில்லை. அன்றைக்குப் பலர் நம்பிய அந்த விதியே பொய்.

ஹோம்ஸுக்கு முன்மாதிரி எடின்பரோவின் டாக்டர் ஜோசப் பெல். தொப்பியைக் கழற்றாமல் மரியாதையாக நின்ற நோயாளியைப் பார்த்து, ராணுவத்தில் தொப்பியைக் கழற்றும் வழக்கமில்லை, ஆகவே அண்மையில் ராணுவத்தை விட்டவர் என்றார்; யானைக்கால் நோயை வைத்து, பார்படோஸில் இருந்தவர் என்றார். அந்த நோய் மேற்கிந்தியத் தீவுகளில் உண்டு, பிரிட்டனில் இல்லை என்று தெரியாதவருக்குக் கண் எவ்வளவு கூர்மையாக இருந்தும் பயனில்லை. சரியா தவறா என்று நோயாளியிடமே கேட்டுக்கொள்ளும் வசதியும் பெல்லுக்கு இருந்தது.

பழக நினைத்தால் நண்பரின் பழைய பை ஒன்றை வாங்குங்கள். ஒரே ஓர் அடையாளத்துக்கு மூன்று காரணங்கள் எழுதுங்கள். ஒவ்வொன்றும் உண்மையானால் பையில் வேறென்ன தெரிய வேண்டும் என்று தேடுங்கள். பிறகு நண்பரிடம் கேட்டு, தவறியவற்றையும் குறித்துவையுங்கள். ஊகத்தின்மேல் ஊகம் அடுக்க வேண்டாம்: பத்துக்கு எட்டு தடவை பலிக்கும் ஊகங்கள் ஐந்தைக் கோத்தால், கடைசி முடிவு ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவைதான் தேறும்.

ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரை வைத்துப் பழகாதீர்கள். விடையும் கிடைக்காது, அவரும் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்.