மிக்ஸிக்கு அலறல், டோலுக்குச் சிரிப்பு

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. ஆட்டிசம் என்று தெரிந்து இரண்டு வருடமாகிறது. காலையில் சட்னிக்கு மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். ஆனால் கணபதி ஊர்வலம் வந்தால், டோல் மேளம் அடிப்பவர் பக்கத்திலேயே போய் நின்று சிரிக்கிறான். "எல்லாம் நடிப்பு. நீ கொடுக்கிற செல்லம்" என்கிறார் மாமியார். எனக்கே சில நேரம் சந்தேகம் வருகிறது.
- ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: நடிப்பாக எனக்குப் படவில்லை. எனக்கும் ஆட்டிசம்தான், 34 வயதில் தெரிந்தது. மாட்டுங்காவில் வீட்டிலிருந்தபடி புரூஃப் பார்க்கிறேன்.

உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் ஓடுகிறது. ஊரிலிருந்து வரும் சித்தி முதல் ராத்திரி புரண்டு புரண்டு படுப்பார், மூன்றாம் ராத்திரி குறட்டை விடுவார். ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலோர் மூளை அதை ஓரங்கட்டிவிடும். எங்களில் பலருக்கு அது அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. ஃபேனின் டிக் டிக், பக்கத்து ஃபிளாட் குழாய் சொட்டுவது, எதிரில் பேசுகிறவர் குரல், மூன்றும் எனக்கு ஒரே வரிசையில் வந்து நிற்கும். முன்பு வேலை பார்த்த இடத்தில் பழைய சோக் வைத்த டியூப்லைட்டுகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். மற்றவர்களுக்கு அது வெறும் வெளிச்சம். எனக்கு மத்தியானத்துக்குள் தலை பிளந்துவிடும். கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். கண் நன்றாக இருந்தது.

இதே ஆளுக்குப் பசி தெரியாது! சாயங்காலம் கை நடுங்கும்போதுதான் டப்பாவில் தயிர்சாதம் அப்படியே இருப்பது ஞாபகம் வரும். ஒரே உடம்பில் ஒரு புலன் தூக்கலாகவும் இன்னொன்று மந்தமாகவும் இருக்கலாம். 2013-ல் வெளிவந்த அமெரிக்க மனநலக் கையேடு இந்த இரண்டையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்தது.

சரி, மிக்ஸிக்கு வருவோம். 1943-ல் லியோ கேனர் என்ற மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே உங்கள் கேள்வி இருக்கிறது. சத்தத்துக்கு மிரளும் அதே குழந்தை, தானே அந்த அளவு சத்தம் போடும்போது சந்தோஷமாக இருக்கிறது என்கிறார். மிக்ஸி சொல்லாமல் கொள்ளாமல் கிறீச்சிடும். எப்போது நிற்கும் என்று அவனுக்குத் தெரியாது. டோல் தெருமுனையிலிருந்தே கேட்டுக்கொண்டு வரும். அடுத்த அடி எங்கே விழும் என்பது தாளத்திலேயே இருக்கிறது, நெஞ்சில் அதிரும். அந்த அதிர்வு எனக்கும் பிடிக்கும். போதுமென்றால் அவனே விலகிப் போகலாம். ஆனால் அவ்வளவு பக்கத்தில் நின்றால் யார் காதும் கெடும், கொஞ்சம் தள்ளியே நிறுத்துங்கள்.

"கேட்டுக் கேட்டுப் பழகட்டும்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். மிக்ஸிக்கு அடியில் மடித்த துண்டு போடுங்கள், காற்று போகும் ஓட்டையை அடைக்காமல். போடுவதற்கு முன் சொல்லுங்கள், பத்து எண்ணி நிறுத்துங்கள். காதை மூடும் ஹெட்ஃபோன் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம் ஒருநாள், அவனுக்கு இஷ்டமிருந்தால், சுவிட்சை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இன்றும் தேங்காய் அரைக்க வேண்டுமென்றால் அம்மா எல்லாம் எடுத்துவைத்துவிட்டு, "வந்து போடுடி" என்று கூப்பிடுவார்.