வீட்டு சர்வருக்கு டைனமிக் டிஎன்எஸ் போட்டாயிற்று. ஃபயர்வாலில் எதைத் திறப்பது, எதை மூடுவது?

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் குடும்பப் போட்டோக்களை வைத்திருக்கிறேன், கரண்ட் போய் வந்தால் ஐபி மாறிவிடுகிறது, அதற்காக டக்டிஎன்எஸ் என்ற டைனமிக் டிஎன்எஸ் சேவையைப் போட்டேன், இனி பாதுகாப்புக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கோவையில் என் வீட்டிலும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான், நாலு வருடமாக ஓடுகிறது. இரண்டு முறை நன்றாக அடி வாங்கியிருக்கிறேன்.

டைனமிக் டிஎன்எஸ் வெறும் பெயர்ப்பலகை. ஐபி மாறினால் பலகையில் புது எண்ணை எழுதி வைக்கும், அவ்வளவுதான். கதவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 'யாரும் யூகிக்க முடியாத பெயராக வைத்திருக்கிறேன்' என்பதிலும் பயனில்லை. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, ஒரே கணினியிலிருந்து மொத்த ஐபிவி4 இணையத்தையும் ஒரு போர்ட்டுக்காக (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்) 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். உங்கள் வீட்டைத் தேடி வருகிறவனுக்குப் பெயரே தேவையில்லை.

போர்ட் திறக்கும் முன் ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபியை, அதாவது ரூட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்திருக்கும் முகவரியைப் பாருங்கள். 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே எத்தனை போர்ட் ஃபார்வர்டிங் (ரூட்டருக்கு வருவதை உள்ளே ஒரு மெஷினுக்குத் திருப்புவது) செய்தாலும் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. காசு கட்டி மாறாத ஸ்டாடிக் ஐபி வாங்கலாம், அல்லது ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையின் பக்கம் போகலாம். ஆனால் ஐபிவி6-இல் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரியே கிடைத்துவிடும், வீட்டுக் கருவிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் மறைக்கும் நாட் என்ற திரை கிடையாது. ரூட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் ஆன் ஆகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

சரி, முதல் அடி. போர்ட் போர்ட்டாகத் திறக்கச் சோம்பல்பட்டு, ரூட்டரில் சர்வரை டிஎம்ஜெட்டில் தூக்கிப் போட்டேன், அதாவது வெளியிலிருந்து வருவதெல்லாம் நேராகச் சர்வருக்கே போகும்படி வைத்தேன். சர்வரில்தான் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் இருக்கிறதே, எல்லாவற்றையும் மூடி வைத்திருக்கிறோமே என்று தைரியம். ஒருநாள் பஸ்ஸில் போகும்போது மொபைல் டேட்டாவில் சும்மா பெயரோடு 8080 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்து அடித்தேன். போட்டோ ஆல்பத்தின் அட்மின் பக்கம் ஜம்மென்று திறந்தது. காரணம் டாக்கர், செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள். கன்டெய்னருக்கு ஒரு போர்ட்டை வெளியே கொடுத்தால், டாக்கர் தானே ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால் விதிகள்) விதி எழுதி அந்தப் பாக்கெட்டை நேராகக் கன்டெய்னருக்குத் திருப்பிவிடும். அது யூஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் இன்புட் வழியாக வருவதே இல்லை, ஃபார்வர்டு வழியாகப் போய்விடுகிறது. ஸ்டேட்டஸ் கேட்டால் யூஎஃப்டபிள்யூ 'எல்லாம் மூடியிருக்கிறது' என்றே சொல்லும். டிஎம்ஜெட்டை அன்றே எடுத்தேன். இப்போது டாக்கர் போர்ட் ஒவ்வொன்றுக்கும் முன்னால் 127.0.0.1 சேர்த்து, அந்த மெஷினுக்குள் மட்டும் தெரியும்படி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது அடி என் புத்திசாலித்தனத்தால் வந்தது. திருச்சியில் அக்கா வீட்டுக்கும் ஒரு டைனமிக் பெயர் போட்டிருந்தேன். எஸ்எஸ்எச்சை (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) அந்தப் பெயரிலிருந்து மட்டும் அனுமதிக்கலாம் என்று நினைத்தேன். யூஎஃப்டபிள்யூ பெயரை வாங்கவே மாட்டேன் என்றது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். நேராக ஐபிடேபிள்ஸில் போட்டேன், வாங்கிக்கொண்டது. ஆனால் விதியைச் சேர்க்கும் அந்த நொடியில் ஒருமுறை மட்டும் பெயருக்கான எண்ணைத் தேடி, எண்ணை எழுதி வைத்துக்கொள்ளும். பெயரை அத்தோடு மறந்துவிடும். பொங்கலுக்கு அக்கா வீட்டில் இருந்தபோது கரண்ட் போய் வந்தது, ஐபி மாறியது, என் சர்வருக்குள் நானே போக முடியவில்லை. கூத்து என்னவென்றால், பழைய ஐபி இந்நேரம் வேறு யாரோ ஒருவர் வீட்டுக்குப் போயிருக்கும். என் ஃபயர்வால் அவருக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது. இப்படித்தான் செய்ய வேண்டுமென்றால் ஐபிசெட்டில் அனுமதிக்கும் ஐபிகளுக்கு ஒரு பட்டியல் வைத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை பெயரைத் தேடிப் புதுப்பிக்கிற ஸ்கிரிப்ட் போடலாம். நான் அந்த வேலையையே விட்டுவிட்டேன்.

இப்போது ரூட்டரில் திறந்திருப்பது ஒரே ஒரு போர்ட்: வயர்கார்டு என்ற விபிஎன்னுக்கு (வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் பாதுகாப்பான சுரங்கம்) யூடிபி 51820. சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது என்பதால், தட்டிப் பார்ப்பவனுக்கு ஆளில்லாத வீடு மாதிரிதான் தெரியும். போட்டோ, எஸ்எஸ்எச் எல்லாம் அந்தச் சுரங்கத்துக்குள்தான். ரூட்டரில், கருவிகள் தாமே போர்ட்டைத் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியையும் ரிமோட் மேனேஜ்மென்ட்டையும் அணைத்தாயிற்று. எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டு கிடையாது, சாவி மட்டும். எச்டிடிபிஎஸ் சான்றிதழையும் அதை வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்டின் டிஎன்எஸ் வழிச் சோதனையில் வாங்கிக்கொள்ளலாம், அதற்காக 80-ஆம் போர்ட்டைத் திறக்க வேண்டாம்.

அப்புறம் அந்த டக்டிஎன்எஸ் டோக்கன், ஐபியைப் புதுப்பிக்க உதவும் ரகசியச் சாவி. அது கிடைத்தவன் உங்கள் பெயரைத் தன் மெஷினுக்குத் திருப்பிவிடலாம். க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) ஓடும், டோக்கன் இருக்கும் அந்த ஸ்கிரிப்டை உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி வையுங்கள்.

வயர்கார்டுக்கும் அதே மறதி உண்டு. இணைக்கும்போது ஒருமுறை பெயரைப் பார்க்கும், பிறகு எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். பொள்ளாச்சியிலிருந்து அம்மா 'போட்டோ வரலைடா' என்று கூப்பிட்டால், இங்கே கரண்ட் போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். 'அந்த ஆப்பை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா' என்பேன். வந்துவிடும்.