ஸ்பிரிட் கார்டியன்ஸ் டேமேஜ் எப்போ விழும்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துல க்ளெரிக் (பூசாரி மாதிரியான பாத்திரம்) போடுற மந்திரம் இது, அவன சுத்தி 15 அடிக்கு ஒரு வட்டமா ஆவிங்க காவல் நிக்கும். இத போட்டுட்டு க்ளெரிக் நடந்துபோயி எதிரி பக்கத்துல நின்னாலே டேமேஜ் விழுமான்னு கேட்டிருக்கீங்க. 2014 ரூல்ஸ்னா விழாது, எதிரி தன்னோட டர்ன ஆரம்பிக்கிறப்ப அந்த 15 அடிக்குள்ள இருக்கணும், இல்ல ஒரு டர்ன்ல முதல் தடவையா அவன் உள்ள வரணும், அப்பத்தான் விஸ்டம் சேவ் (தாக்கத்த சமாளிக்க அவன் உருட்டுற பகடை), தோத்தா 3டி8 (எட்டு முகப் பகடை மூணு உருட்டி வர்ற கூட்டுத்தொகை) டேமேஜ், ஜெயிச்சா பாதி. கூட்டாளி அவன உள்ள தள்ளிவிட்டா அதுவும் கணக்குதான் (நம்ம ஆளுங்க இத மறந்துடுறாங்க).

2024ல மாத்திட்டாங்க, க்ளெரிக் நகர்ந்து வட்டம் எதிரி மேல பட்டாலே விழும், அவன் உள்ள வந்தாலும், உள்ளயே டர்ன முடிச்சாலும் விழும், ஆனா ஒரு டர்னுக்கு ஒரு தடவதான். காரைக்குடில ஆயா வீட்டு வளவுல உக்காந்து ஆடுறப்ப இதுக்கே அரை மணி நேரம் சண்ட போட்டோம், ஒருத்தன் பழைய புக், ஒருத்தன் புதுசு, அதுக்குள்ள தேன்குழல் டப்பா காலி.