காலில் ரிங்கோடு மாடிக்கு வந்த புறா

கேள்வி: மாதவரத்தில் வீட்டு மாடியில் கீரைப் பாத்தியும் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழியும் வைத்திருக்கிறேன். மூன்று நாளாக ஒரு சாம்பல் நிறப் புறா வந்து கோழித் தீவனத்தைப் பொறுக்குகிறது. விரட்டினால் நாலடி தள்ளி உட்காருகிறதே தவிர, போக மாட்டேன் என்கிறது. ஒரு காலில் பச்சை ரிங் இருக்கிறது. இதனால் கோழிகளுக்கு நோய் வருமா? ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு போகிறேன், அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாமா?

பதில்: செங்கல்பட்டுக்கு மட்டும் வேண்டாம். காலில் ரிங், ஆளைக் கண்டால் பயமில்லை என்றால் அது யாரோ வளர்க்கிற புறா. மூன்று நாளாக உங்கள் மாடியை விட்டு நகராததற்குக் களைப்பு, பசி, அடி, நோய் என்று ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். அந்த நிலையில் தெரியாத இடத்தில் விட்டால் பருந்துக்கு இரை போட்ட கணக்குதான்.

முதலில் பிடியுங்கள். பகலில் துரத்தினால் இருக்கிற தெம்பும் போய்விடும். பொழுது சாயும்போது எங்கே அடைகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, நன்றாக இருட்டியதும் மாடி விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து அள்ளிவிடலாம். கோழி வளர்க்கிறவரிடம் பஞ்சாரம் இருக்குமே, அதைக் குச்சியில் முட்டுக்கொடுத்து, அடியில் கம்புத் தானியத்தைத் தூவி, புறா உள்ளே வந்ததும் குச்சியில் கட்டிய கயிற்றை இழுத்தாலும் சரி.

பிடித்ததைத் துளை போட்ட அட்டைப் பெட்டியில், கோழிக்கூண்டுக்கு எட்டாத நிழலான இடத்தில் வையுங்கள். பூனை எட்டக்கூடாது. அடியில் செய்தித்தாள் விரித்தால் எச்சம் எப்படி இருக்கிறது என்று தெரியும். உருண்டையாக, மேலே வெள்ளை படிந்து இருந்தால் நல்லது. பச்சையாக, தண்ணீராக மட்டும் இருந்தால் பெரும்பாலும் வயிறு காலி.

தண்ணீர் விஷயத்தில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். கோழி ஒரு வாய் எடுத்துத் தலையைத் தூக்கி விழுங்கும். புறா அப்படிக் குடிக்காது. அலகை மூக்குத்துளை வரை முக்கி, ஒரே மூச்சில் உறிஞ்சும். தட்டையான தட்டில் வைத்தால் பாவம், தண்ணீர் எதிரே இருந்தும் குடிக்க முடியாமல் நிற்கும். காபி டபரா சரியான ஆழம். குடிக்கத் தெரியாதது போல் நின்றால் அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் மெல்லத் தொட வையுங்கள். சிரிஞ்சாலோ ஸ்பூனாலோ வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிச் செத்துவிடும். மிகவும் சோர்ந்திருந்தால் முதல் நாள் ஓஆர்எஸ் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர் வைக்கலாம்.

தண்ணீர் குடித்த பிறகு இரை. கம்பு, சோளம், கோதுமை, பச்சைப்பயறு, உடைத்த மக்காச்சோளம் எல்லாம் கலந்து ஒரு நாளைக்கு 30 கிராம் போதும். பட்டினி கிடந்த பறவைக்கு முதல் வேளை கொஞ்சமாகப் போடுங்கள். பிரெட், சோறு, பால், மிக்சர் எதுவும் வேண்டாம். மிக்சரும் பிஸ்கட்டும் போட்டுத்தான் நம் ஊர் மொட்டைமாடிகளில் புறாக் கூட்டம் சேர்த்து வைத்திருக்கிறோம், அது வேறு கதை.

அப்புறம் கையில் எடுத்துப் பாருங்கள். நெஞ்செலும்பு கத்தி முனை போல் துருத்தினால் பல நாள் பட்டினி. வாயைத் திறந்து பாருங்கள்: மஞ்சளாகத் தயிர்க்கட்டி போல் படிந்திருந்தால் அது வாய்ப்புண் நோய், மருந்து இல்லாமல் போகாது. இறக்கை அடியில் மாஞ்சா நூல் அறுத்த கோடு இருக்கிறதா என்று விரித்துப் பார்க்க வேண்டும். மாஞ்சாவுக்குத் தடை இருந்தும் வடசென்னை வானத்தில் அது தீர்ந்தபாடில்லை. பூனைப் பல் பட்டிருந்தால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். பூனை வாயில் உள்ள கிருமி ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடும். உங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொலைவில்லை.

இப்போது உங்கள் கோழிகள். பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கோழிகளை வாரிக்கொண்டு போகிற வெள்ளைக்கழிச்சல் வைரஸின் ஒரு வகைதான் புறாக்களைத் தாக்குகிறது. நோய் வந்த புறாவின் கழுத்து முறுக்கிக்கொள்ளும், எச்சம் தண்ணீராகப் போகும், தானியத்தைக் கொத்தினால் குறி தவறிப் பக்கத்துத் தரையைக் கொத்தும். இந்தக் கடைசி அறிகுறியை உட்கார்ந்து கவனித்தால்தான் பிடிபடும். அப்படி இருந்தால் வீட்டில் வைத்தியம் பார்க்காதீர்கள். பறவை நன்றாகத் தெரிந்தாலும் தனித் தட்டு, தனி டபரா. கோழிகளைக் கவனித்த பிறகு கடைசியாகப் புறாவைக் கவனியுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் தூசி பறந்து உங்கள் நுரையீரலுக்குப் போகும், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

மூன்று நாள் ஒன்றாகத் தின்றிருக்கின்றனவே, அதனால் இரண்டு வாரம் கோழிகளைக் கவனியுங்கள். தூங்கி வழிவது, வெள்ளையும் பச்சையுமாகக் கழிவது, மூச்சிரைப்பது தெரிந்தால் உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். கழிச்சல் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுவிடுங்கள், ஆனால் சோர்ந்த கோழிக்குப் போடக்கூடாது.

அந்த ரிங்கில்தான் புறாவின் விலாசம் இருக்கிறது. குஞ்சு பிறந்து ஒரு வாரம் ஆகும்போது போடுவது, கால் வளர்ந்த பிறகு கழற்ற வராது. வெட்டாதீர்கள். பறவையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுழற்றிப் படித்தால் புறா வளர்ப்போர் சங்கத்தின் எழுத்து, வருடம், வரிசை எண் வரும். இறக்கையை விரித்தும் பாருங்கள், சிலர் இறகின் மேல் போன் நம்பரை முத்திரை குத்தியிருப்பார்கள். உங்கள் பக்கம் வந்திருப்பதால் ஹோமராக, அதாவது தூரத்தில் விட்டாலும் வீடு தேடித் திரும்புகிற பந்தயப் புறாவாக இருக்கலாம். பந்தயக்காரர்கள் சூளூர்ப்பேட்டை, நெல்லூர், ஓங்கோல் என்று வடக்கே தூரத்தைக் கூட்டிக்கொண்டே போய், அங்கிருந்து புறாவைப் பறக்க விடுவார்கள். வழியில் பைரி என்ற வேட்டைப் பறவை விரட்டினாலோ மேகம் மூடினாலோ ஒன்றிரண்டு திசை தப்பிவிடும். வியாசர்பாடி, பெரம்பூர், ராயபுரம் பக்கம் புறா விடுகிற பையன்களிடம் ரிங்கைக் காட்டினால் யாருடையது என்று விசாரித்துச் சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் படம் போடுவதானால் கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்துப் போடுங்கள். அந்த இலக்கத்தைச் சொல்கிறவர்தான் சொந்தக்காரர்.

ஒன்று முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். வீடு சேராத புறாவைச் சிலர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அப்படியானால் பந்தயம் விடாமல் ஆசைக்கு வளர்க்கிற யாருக்காவது கொடுங்கள். பல்லாவரம் சந்தையில் விற்க வேண்டாம், கூண்டில் நெரிசலில் நோய் பிடிக்கும்.

சொந்தக்காரர் கிடைக்கவில்லை, ஆனால் பறவை தேறிவிட்டது, இறக்கை இரண்டும் சமமாக அடிக்கிறது என்றால் மூன்று நான்கு நாள் கழித்து வெயில் தெளிவாக உள்ள காலையில் உங்கள் மாடியிலேயே பெட்டியைத் திறந்து விடுங்கள். ஹோமர் என்றால் இரண்டு சுற்று சுற்றித் திசை பிடித்துக்கொள்ளும். சாதாப் புறா, கர்ணப் புறா, லக்கா வகைகளை இப்படி விடக்கூடாது, அவற்றுக்குத் தூரத்திலிருந்து வழி தெரியாது. அவை ஒரு வளர்ப்பாளர் கைக்குத்தான் போக வேண்டும். விட்ட ஹோமர் மாலையில் திரும்பி உங்கள் மாடிக்கே வந்தால் அதற்கு இன்னும் தெம்பு வரவில்லை. கோழித் தீவனத்தை எடுத்து வைத்துவிட்டு, மறுபடி பெட்டியில் வைத்து, இந்த முறை வேப்பேரிக்கே கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.