முதலில் சுத்தியல், பிறகு டிரில்: குகைக் கிணறுகளில் கயிறு கட்டுவது பற்றிக் கேள்வி பதில்

குகைக்குள் செங்குத்தாக இறங்கும் பள்ளத்தைத்தான் இங்கே கிணறு என்கிறேன். இதைப் படித்த தைரியத்தில் யாரும் இறங்க வேண்டாம். தெரிந்தவர் அருகில் இருக்க, வெளிச்சத்தில் உள்ள பாறையில் முதலில் பழகுங்கள்.

ஐயா, கயிறு கட்டப் பாறையில் போல்ட் அடிக்கும் இடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

காதை வைத்துத்தான். சுத்தியலால் தட்டினால் நல்ல பாறை கணீரென்று பேசும். உள்ளே விரிசலோ பொக்கோ இருந்தால் சத்தம் செத்து வரும். ஓர் இடத்தைச் சுற்றி ஏழெட்டுத் தட்டு தட்டாமல் நான் டிரில்லை எடுப்பதில்லை. நீர் வழிந்து படிந்த கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் பார்க்கப் பளிங்குபோல் இருக்கும். அது வெறும் பூச்சு, நம்பாதீர்கள். பாறை விளிம்பிலிருந்தும் அடுத்த போல்ட்டிலிருந்தும் ஒரு சாணாவது தள்ளி அடியுங்கள். இரண்டு போல்ட்டும் ஒரே விரிசலின் ஒரே பக்கத் துண்டில் இருந்தால் இரண்டு இருந்தும் ஒன்றுதான்.

துளை போட்டதும் போல்ட்டை அடித்துவிடலாம்தானே?

தூசியை யார் எடுப்பது? விரியும் போல்ட் துளையின் சுவரைக் கவ்வித்தான் நிற்கிறது. தூசி இருந்தால் கவ்வாமல் நட்டோடு சேர்ந்து சுற்றும். சிறு குழாயைத் துளைக்குள் விட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதுங்கள். முகமெல்லாம் மாவரைத்ததுபோல் ஆகும், பரவாயில்லை. ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதுங்கள். நட்டைப் பலம் காட்டி முறுக்க வேண்டாம். 8 மி.மீ. போல்ட்டை நீளமான ஸ்பானரால் முறுக்கியே முறித்தவர்கள் உண்டு.

அண்ணா, இரண்டு போல்ட்டிலிருந்து ஒய் வடிவில் கட்டும்போது கோணம் அவ்வளவு முக்கியமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கயிற்றில் 80 கிலோ தொங்குகிறது. ஒய்யின் இரு கைகளுக்கும் இடையே 60 பாகை என்றால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் சுமார் 46 கிலோ. 90 பாகையில் 57. 120 பாகையில் முழு 80. 150 பாகைக்கு விரித்தால் ஏறக்குறைய 155! சுமையைப் பங்குபோடக் கட்டியது சுமையைப் பெருக்கிவிடுகிறது. 90-ஐத் தாண்டாமல் கட்டுவது என் வழக்கம்.

நீளமாக ஒரே கயிற்றைத் தொங்கவிடாமல் நடுநடுவே ஏன் மறுபடி போல்ட் அடித்துக் கட்ட வேண்டும்?

மெக்சிகோவின் கோலோன்ட்ரினாஸ் கிணறு வாய் குறுகி உள்ளே மணிபோல் அகன்றது. 333 மீட்டருக்குக் கயிறு சுவரைத் தொடாமல் தொங்கும். எல்லாக் கிணறும் அப்படி அமையாது. ஏறுபவர் ஒவ்வொரு எட்டுக்கும் கயிறு சற்றே நீண்டு சுருங்கும். பாறை முனையில் பட்டிருந்தால் அந்த அசைவே ரம்பமாகிவிடும். ஒருமுறை நான் ஏறி வந்தபோது, கண்ணெதிரே கயிற்றின் மேலுறை பிரிந்து உள்ளிருக்கும் வெள்ளை நூல் தெரிந்தது. கட்டியவன் வேறு யாருமல்ல, நானேதான். மூச்சை அடக்கிக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டினேன்.

அதனால் உரசும் இடத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இன்னொரு போல்ட் அடித்துக் கயிற்றை மறுபடி கட்டுகிறோம். மேலிருந்து வரும் கயிற்றில் ஒரு சிறு தொய்வு விடவேண்டும். இறங்குபவர் இறங்கு கருவியைக் கழற்றி மாட்டும் அளவுக்குப் போதும். தொய்வு அதிகமானால், அந்தப் போல்ட் பிடுங்கிக்கொள்ளும்போது விழும் தூரமும் அதிகம். இன்னொரு லாபம்: கட்டுக்குக் கட்டு ஒருவராகப் பலர் ஒரே நேரத்தில் ஏறலாம்.

மலையேற்றத்துக்கு வாங்கிய, இழுபட்டால் நீளும் டைனமிக் கயிறு இருக்கிறது. போதுமா?

இடுப்பிலிருந்து கொக்கி மாட்டும் குறுங்கயிற்றுக்கு அது சரி. கிணற்றுக்கு வேண்டாம்; ரப்பர்போல் ஆடும்.

60 மீட்டர் கிணற்றுக்கு 60 மீட்டர் கயிறு?

போதாது. புதுக் கயிறு நனைந்தால் சுருங்கும். ஊறவைத்து, உலர்த்தி, பிறகு அளந்து குறியிடுங்கள். முடிச்சுகளும் தொய்வுகளும் வேறு கயிற்றைத் தின்னும். எதை மறந்தாலும் நுனியில் முடிச்சுப் போட மறக்காதீர்கள்.

அருவி விழும் கிணற்றில் எப்படிக் கட்டுவது?

இன்றைய அருவியைப் பார்க்காதீர்கள், மழை நாளின் அருவியைக் கற்பனை செய்யுங்கள். சுவரில் சிக்கிய குப்பையும் கழுவித் துலக்கிய பாறையும் வெள்ளத்தின் வழியைக் காட்டும். எதிர்ச்சுவருக்குப் போக நாலு போல்ட் கூடுதலானாலும் அடியுங்கள். அப்காசியாவில் 2,200 மீட்டருக்கும் ஆழமான வெரியோவ்கினா குகையில் 2018 செப்டம்பரில் வெள்ளம் கீழிருந்து ஏறி வந்தது. அடியில் இருந்த குழு கயிற்றில் ஏறித்தான் உயிர் தப்பியது.

யாரோ அடித்துவிட்டுப் போன பழைய போல்ட்டை நம்பலாமா?

ஹேங்கர், அதாவது போல்ட்டில் கயிறு மாட்டும் தகடு, ஆடுகிறதா, துரு வழிந்திருக்கிறதா, சுற்றியுள்ள பாறை எப்படி ஒலிக்கிறது என்று பார்ப்பேன். துருப்பிடிக்காத எஃகையும் சாதாரண எஃகையும் கலந்து போட்டிருந்தால் ஈரத்தில் சாதாரண எஃகு சீக்கிரம் அரித்துப் போகும். உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. மனம் ஒப்பவில்லை என்றால் ஒரு சாண் தள்ளிப் புதிதாக ஒன்று அடித்துவிடுவேன்.