கையேட்டில் விடுபட்ட தகவல்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மையவிலக்குப் பம்பு ஒன்றின் பராமரிப்புக் கையேட்டை எழுதி வருகிறேன். விடுபட்ட விவரங்களைத் தருமாறு வடிவமைப்புப் பொறியாளருக்கு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை. என்ன செய்வது?

பதில்: "விவரங்களைத் தாருங்கள்" என்பது கேள்வியே அன்று, அதற்குப் பதில் எழுத அரைநாள் ஒதுக்க வேண்டியிருப்பதால் அது நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போகும். முதலில் வரைபடத்தையும் சோதனை அறிக்கையையும் நீங்களே படித்து, அவற்றில் இல்லாதவற்றை மட்டும் கேளுங்கள். "பக்கம் 14, படி 6: உறை மூடியின் போல்ட்டுகளை எவ்வளவு டார்க்கில் இறுக்க வேண்டும்? மரையில் எண்ணெய் தடவியா, தடவாமலா?" என்று எழுதினால், தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்துவிடும். (டார்க் என்பது இறுக்கும்போது கொடுக்கும் முறுக்கு விசை. எண்ணெய் தடவிய மரைக்கும் அதே டார்க்கைக் கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும், ஆகவே இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள்.) எண் வந்ததும் அலகைக் கேளுங்கள். 1 கிலோகிராம் விசை மீட்டர் என்பது 9.81 நியூட்டன் மீட்டர், அலகு மாறினால் டார்க் ஏறத்தாழப் பத்து மடங்கு மாறிவிடும்.

கேள்வி: நிபுணரின் பேச்சைப் பதிவு செய்யலாமா?

பதில்: அனுமதி பெற்றுச் செய்யலாம். நீங்கள் புரிந்துகொண்டதை அன்றே எழுதியனுப்பி ஒப்புதல் பெறுங்கள்.

கேள்வி: வரைவில் வேண்டுமென்றே தவறான எண்ணைப் போட்டால், திருத்துவதற்காகவே பொறியாளர்கள் ஓடி வருகிறார்கள். என் அனுபவத்தில் இதைவிடச் சிறந்த வழியில்லை.

பதில்: பலிக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நான் பணியாற்றிய ஓரிடத்தில் அப்படிப் போட்ட எண் மூவர் பார்வையிலிருந்தும் தப்பி அச்சேறிவிட்டது. வாடிக்கையாளர் ஒருவரின் பம்பில் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு வளையம்) பிதுங்கிய பிறகே தெரியவந்து, ஒவ்வொரு பிரதியிலும் திருத்தச் சீட்டு ஒட்டினோம்.

கேள்வி (அவரே): அது சரிபார்த்தவர்களின் குற்றம், முறையின் குற்றம் அன்று.

பதில்: சரிபார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்றால் உங்கள் தந்திரத்துக்கே தேவையிராதே! செவ்வாய்க்குச் சென்ற நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999இல் தொலைந்ததை நினைத்துப் பாருங்கள். மென்பொருள்கள் தரவைப் பரிமாறும் முறையைச் சொல்லும் இடைமுக ஆவணம் மெட்ரிக் அலகைக் கோரியிருந்தும் தரைநிலைய மென்பொருள் பவுண்டு விசைக் கணக்கில் எண்களைத் தந்தது, 4.45 மடங்கு வேறுபாடு, விண்கலம் போய்ச் சேரும் வரை திருத்தப்படவில்லை. தற்காலிக எண் போட்டே தீர வேண்டுமானால் மஞ்சள் பின்னணியில் போட்டு, "உறுதி செய்யப்படவில்லை" என்பதையும், யார், எந்தத் தேதிக்குள் உறுதி செய்ய வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கேள்வி: பொறியாளர் பதிலே அனுப்புவதில்லை, ஐயா. என்ன செய்யலாம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இரண்டு நிபுணர்கள் இரண்டு எண்களைச் சொன்னால்?

பதில்: நடுவராகாதீர்கள். இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் வைத்து, வரைபடத்துக்கு ஒப்புதல் கையொப்பமிட்டவருக்கு அனுப்புங்கள். சராசரி எடுத்துப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பழைய மாடலின் கையேட்டிலிருந்து எண்ணை எடுத்து நிரப்பலாமா?

பதில்: மஞ்சளில் நிரப்பலாம். போல்ட்டின் அளவும் தரமும் அதேதானா என்று கேட்டுவிட்டு மஞ்சளை நீக்குங்கள். அலகையும் கேளுங்கள்.